ஒப்புகையும் ஒப்புதலும்: பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு தட்டச்சுக் கடை

சர் தியாகராயா கல்லூரி மெட்ரோ நிலையத்தில் இறங்கி, திருவொற்றியூர் நெடுஞ்சாலையை விட்டு உட்புறம் திரும்பும் சந்து ஒன்றில் அந்தக் கடை இருக்கிறது. ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், ஒரு கணினி, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். பெயர்ப் பலகை கிடையாது. ‘மனு எழுதித் தரப்படும், தட்டச்சு, ஆன்லைன் விண்ணப்பம்’ என்று கதவில் ஒட்டிய தாள்தான் அடையாளம். இராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் என் தங்கை வாடகைக்கு எடுத்த வாசல் அறையில் சிறிய டிபன் கடை வைப்பதற்கான காகிதங்களுக்காக, இரண்டு மாதங்களில் ஐந்து முறை அங்கே போய்வந்தேன். அரசு அலுவலகத்துக்குப் போகுமுன் எந்தச் சொல்லைக் கேட்டுப் போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது; ஆகவே இந்த மதிப்புரையில் கடையைப் பற்றிய அளவுக்குச் சொற்களைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

இதற்கு முன் வேறோர் இடத்தில் ஏமாந்திருந்தோம். கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வைத்திருந்த அந்த மையத்தில் ஆயிரத்து ஐநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, கால் மணி நேரத்தில் ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்து, “அப்ரூவல் வந்துடுச்சுக்கா, மாட்டிக்குங்க” என்று அனுப்பிவிட்டார்கள். தங்கை அதை லேமினேஷன் செய்து, அடுப்புக்கு மேலே முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தாள். மூன்றாவது வாரம் சோதனைக்கு வந்த அலுவலர் அதைப் படித்துவிட்டு, இது விண்ணப்பம் வந்து சேர்ந்ததற்கான சீட்டு மட்டுமே, விண்ணப்பத்தின் மீது இன்னும் முடிவெடுக்கப்படவில்லை என்று பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தாளின் தலைப்பில் தெளிவாகவே ‘ஒப்புகைச் சீட்டு’ என்று அச்சாகியிருந்தது. நாங்கள் இருவரும் அதை ‘ஒப்புதல்’ என்றே படித்திருக்கிறோம்.

சந்துக் கடையின் பெரியவர் அந்தத் தாளைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு முதல் மதிப்பெண். மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் இதே குழப்பத்தோடு வருவதாகச் சொன்னார். இலக்கணப்படி பார்த்தால் இதில் மக்களின் தவறு ஒன்றுமில்லை. ‘ஒப்பு’ என்ற ஒரே வினையிலிருந்துதான் இரண்டு சொற்களும் பிறந்தன. கை, தல் ஆகிய இரண்டுமே தொழிற்பெயர் விகுதிகள். வருகையும் வருதலும் எப்படியோ அப்படித்தான் ஒப்புகையும் ஒப்புதலும் இருந்திருக்க வேண்டும். ஆனால் அலுவலக வழக்கு அவற்றைப் பிரித்துவிட்டது. பெற்றுக்கொண்டதை ஏற்றுச் சொல்வது ஒப்புகை. கேட்டதற்கு இணங்குவது ஒப்புதல். 2025 வரை இருந்த பதிவுத் தபாலோடு இணைத்து அனுப்பிய அட்டை ஒப்புகை அட்டை. வாக்குப்பதிவின்போது கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடிகள் தெரிந்து பெட்டிக்குள் விழும் தாளையும் ஒப்புகைச் சீட்டு என்றுதான் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அந்தச் சீட்டைப் பார்த்து நம் வேட்பாளர் வென்றுவிட்டார் என்று யாரும் கொண்டாடுவதில்லை. விண்ணப்பத்தில் மட்டும் கொண்டாடிவிடுகிறோம்.

அவருடைய சேவையின் தனித்தன்மை, கணினியைத் தொடுமுன் கேட்கும் கேள்விகளில் இருக்கிறது. ‘லைசென்ஸ் வேண்டும்’ என்று போய் நின்றால், எதற்கு, எந்த இடத்தில், நிலையான கடையா தள்ளுவண்டியா, ஆண்டுக்கு எவ்வளவு விற்பனை என்று வரிசையாகக் கேட்கிறார். கேட்டு முடித்தபின் தங்கைக்கு வேண்டியது ஒரு காகிதமல்ல, இரண்டு என்று சொன்னார். மாநகராட்சியிடம் பெற வேண்டியது தொழில் உரிமம். உணவுப் பாதுகாப்புத் துறையிடம் பெற வேண்டியதோ உரிமமாக இருக்கலாம், வெறும் பதிவாகவும் இருக்கலாம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் இந்த இரண்டையும் வேறுபடுத்துகிறது. அதன்கீழ் வந்த 2011-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள், ஆண்டு விற்றுமுதல் 12 இலட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு வணிகருக்குப் பதிவே போதும் என்று அப்போது வகுத்தன. இரண்டிலும் 14 இலக்க எண் கிடைப்பதால், பதிவுச் சான்றிதழ் மட்டும் வைத்திருக்கும் கடைக்காரர்கூட ‘உணவு உரிமம் எண்’ என்று பலகையில் எழுதிக்கொள்கிறார். பெரியவருக்கு இது பிடிப்பதில்லை. பதிவு என்பது ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று நாம் தெரிவிப்பது. உரிமம் என்பது ‘நீ இதைச் செய்யலாம்’ என்று அவர்கள் சொல்வது என்பது அவருடைய விளக்கம். சட்ட நுணுக்கம் தெரிந்தவர் இதில் குறை காணக்கூடும் என்றாலும், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நான் காத்திருந்த ஒரு நாள், எம்.சி. ரோட்டில் வண்டியில் உள்பாவாடை விற்கும் அம்மா ஒருவர் ‘ரோட்டுல கடை போட பர்மிஷன்’ கேட்டு வந்தார். அவருக்கு வேண்டிய சொல் அனுமதியோ உரிமமோ அல்ல, விற்பனைச் சான்றிதழ் என்றார் பெரியவர். 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழு என்ற அமைப்பை ஏற்படுத்தி, கணக்கெடுப்பில் இடம்பெற்ற வியாபாரிக்குச் சான்றிதழ் வழங்கச் சொல்கிறது. இந்தச் சொல் தேர்வை நான் மிகவும் மதிக்கிறேன். ஏற்கெனவே பிழைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பிழைப்பதற்கு அனுமதி தருவது பொருந்தாது. அவர் பிழைக்கிறார் என்று சான்று தருவதுதான் பொருந்தும். அந்த அம்மாவோ இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல், “அந்தக் காயிதத்தைக் காட்டுனா வண்டியத் தூக்க மாட்டாங்கல்ல சார்?” என்று மட்டும் கேட்டார்.

வடசென்னையில் அடிக்கடி காதில் விழும் இன்னொரு சொல் இசைவாணை. மணலியிலோ எண்ணூரிலோ சிறு பட்டறை நடத்துபவரின் கோப்பைத் திறந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இந்தக் காகிதம் இருக்கும். 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின்கீழும் 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டத்தின்கீழும் வழங்கப்படும் இது, ஆலையை நிறுவுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று என இருவகைப்படும். முதலாவதைப் பெற்றுவிட்டு இயந்திரத்தை ஓட்டத் தொடங்குவது, ஒப்புகையை ஒப்புதலாக எண்ணிய எங்கள் தவற்றைவிடப் பெரிய தவறு. ‘இசைவு’ எனக்குப் பிடித்த சொல். இசைதல் என்றால் உடன்படுதல். ஆனால் அதனோடு ‘ஆணை’யைச் சேர்த்ததும் உடன்பாடும் கட்டளையும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. இது புதிய வழக்கமும் அல்ல. ‘உத்தரவின்றி உள்ளே வரக்கூடாது’ என்று பழைய பங்களாக்களின் வாயிலில் எழுதியிருக்கும். அங்கே உத்தரவு என்றால் அனுமதி. அதே சொல் ‘மேலிடத்து உத்தரவு’ என்று வரும்போது கட்டளை. பெரியவர்களிடம் ‘உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்’ என்று விடைபெறுபவர் அனுமதியைத்தான் கேட்கிறார், ஆனால் மறுப்பை எதிர்பார்த்துக் கேட்பதில்லை.

‘அனுமதி’ என்ற சொல்லைத்தான் நாம் மிகத் தாராளமாகச் செலவழிக்கிறோம். பொருட்காட்சி வாசலில் ‘அனுமதி இலவசம்’. காய்ச்சல் கண்டவர் ஸ்டான்லி மருத்துவமனையில் ‘அனுமதி’. மாடி கட்டுவதற்குக் கட்டட ‘அனுமதி’. முதல் இரண்டும் உள்ளே சேர்த்துக்கொள்வதைக் குறிக்கின்றன, மூன்றாவது செய்யவிடுவதைக் குறிக்கிறது. பெரியவர் இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார். ‘புதுப்பிக்க வேண்டுமா, ரத்து செய்ய முடியுமா? அப்படியென்றால் உரிமம். ஒரு வேலைக்கு ஒரு முறை வாங்கினால் போதுமா? அப்படியென்றால் அனுமதி.’ கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இசைவாணையையும் புதுப்பிக்கிறார்கள், கட்டட அனுமதியையும் ரத்து செய்கிறார்கள் என்று நான் சொன்னபோது, “அது ஆபீஸ்காரங்க குழப்பம்” என்று முடித்துவிட்டார். அந்தப் பிடிவாதம் எனக்குச் சற்று எரிச்சலூட்டியது என்பதையும் சொல்ல வேண்டும்.

குறைகள் வேறும் உண்டு. காலை பதினொரு மணிக்கு முன் கடை திறப்பதில்லை. இரண்டு பேர் முன்னால் இருந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். நாற்காலிகள் நிறைந்துவிட்டால் சந்தில்தான் நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் நிரப்ப வேண்டிய இணையப் படிவங்களில் அவர் தடுமாறுகிறார். மாலையில் வரும் ஓர் இளைஞர்தான் அவற்றை முடித்துத் தருகிறார். எங்கள் விஷயத்திலும் பெரியவர் ஒரு பிழை செய்தார். வீட்டு உரிமையாளர் தர வேண்டிய கடிதத்துக்கு ‘இசைவுக் கடிதம்’ என்று தலைப்பிட்டுவிட, பட்டியலில் ‘தடையின்மைச் சான்று’ என்று இருக்கிறதே என்று எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். பொருள் ஒன்றுதான், வீட்டுக்காரருக்கு மறுப்பு இல்லை என்பதுதான் இரண்டுக்கும் சாரம். ஆனால் சொல் வேறாக இருந்தால் காகிதமும் வேறு என்பதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். இதை நினைவூட்டியபோது முகம் சுருங்கினாலும், கடிதத்தை மறுபடி தட்டச்சு செய்ததற்குப் பணம் வாங்கவில்லை.

கட்டணம் நியாயமானது. இரண்டு விண்ணப்பங்களுக்கும் சேர்த்து அவர் வாங்கியது நானூறு ரூபாய். அரசுக்குச் செலுத்திய தொகைக்குத் தனியாக ரசீது கொடுத்தார். ஒவ்வொரு முறையும் வெளியே வந்த தாளின் தலைப்பைச் சுட்டிக்காட்டி, இது எது, இதன் பிறகு வர வேண்டியது எது என்று தங்கையிடமே சொல்லச் சொன்னார். ஐந்தாம் முறை உரிமம் கைக்கு வந்த நாளில், பழைய லேமினேஷன் தாளை அவள் தூக்கியெறியப் போனாள். விண்ணப்ப எண் அதில்தான் இருக்கிறது, கோப்பில் வைம்மா என்று தடுத்துவிட்டார்.

போகிறவர்கள் வாடகை ஒப்பந்தம், சொத்து வரி ரசீது, ஆதார் ஆகியவற்றின் நகல்களை இரண்டிரண்டாக எடுத்துச் செல்லுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் போனால் இளைஞரும் இருப்பார். ஐநூறு ரூபாய்க்குச் சில்லறை அங்கே கிடைக்காது.