‘கடல் குளம் மாதிரி இருக்கும் சார்’: மே மாதக் கப்பல் பயணத்தில் நாங்கள் ஏமாந்த கதை

காலாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு கப்பலில் போகலாம் என்று யாராவது இப்போது அட்வான்ஸ் கட்டப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்குக் கப்பல் டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்ட்டின் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அவர் செய்த வேலையை அவர் ஒருவர் மட்டும்தான் செய்கிறார் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

2024 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். அம்மாவுக்கு 69 வயது. காசி பார்த்தாயிற்று, விமானம் ஏறியாயிற்று, கப்பல் ஒன்றுதான் பாக்கி என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சரி, சிங்கப்பூருக்குப் பறந்து, அங்கிருந்து மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் போய்த் திரும்பும் நாலு ராத்திரிக் கப்பலில் போகலாம் என்று முடிவு செய்தோம். நான், மனைவி, ஏழாவதும் இரண்டாவதும் படிக்கும் பிள்ளைகள், அம்மா. எங்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் நம்பர் கொடுத்தார். சென்னை தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடி அலுவலகம். ஏசி, மேஜைமேல் பொம்மைக் கப்பல், டபரா செட்டில் காபி.

உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: “எந்த மாசம் போனா நல்லது?”

ஏஜென்ட் யோசிக்கக்கூட இல்லை. “மே கடைசி வாரம் சார். பசங்களுக்கு லீவு. கடல் குளம் மாதிரி இருக்கும். நம்ம ஊர்லயே பாருங்க, அந்த டைம்ல மீன்பிடித் தடைக்காலம். கடல்ல ஒரு போட் இருக்காது, அவ்ளோ அமைதி.”

இதை நம்பியதற்காக என் மனைவி இன்றுவரை என்னைச் சும்மா விடுவதில்லை. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன்கள் முட்டையிடும் காலம் என்பதால் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்துகிறார்கள். அலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காசிமேட்டுக்கும் புக்கெட்டுக்கும் சுத்தமாகச் சம்பந்தமில்லை. ஆனால் ஏசி அறையில் காபி குடித்துக்கொண்டு கேட்டபோது எல்லாம் நியாயமாகத்தான் பட்டது.

பிப்ரவரியில் போகலாமா என்றேன். “சைனீஸ் நியூ இயர் சார், ரேட் எகிறிடும்” என்றார். அது பாதி உண்மை. சீனப் புத்தாண்டுக் கூட்டம் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். மிச்ச பிப்ரவரியைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐந்து பேருக்கு 4,20,000 ரூபாய். அதற்குமேல், வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு முன்கூட்டியே பிடிக்கும் டிசிஎஸ் வரி 21,000. தாய்லாந்து, மலேசியா விசாவுக்கு ஆளுக்கு 3,800. புக்கெட்டில் இறங்கி பிபி தீவுக்கு ஸ்பீட் போட்டில் போய் வர ஆளுக்கு 4,500. இரண்டு அறை, இரண்டும் பால்கனியோடு என்று வாயால் சொன்னார். மார்ச்சுக்குள் முழுப் பணமும் கட்டிவிட்டேன்.

மே மாதம் 20ஆம் தேதி வாக்கில் காலைப் பேப்பரில் ஒரு செய்தி. வருஷா வருஷம் வருவதுதான்: தெற்கு அந்தமான் கடல், நிக்கோபார் தீவுகளில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது. அப்பாடா, இன்னும் பத்து நாளில் கேரளாவுக்கு வந்துவிடும், நமக்கும் வெயில் குறையும் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அந்த அந்தமான் கடலின் கிழக்குக் கரையில்தான் புக்கெட் இருக்கிறது என்பது மண்டையில் ஏறவே இல்லை. நாலரை லட்சத்துச் சொச்சம் கட்டியவன் ஒரு தடவை வரைபடத்தை விரித்துப் பார்த்திருக்கலாம்.

கப்பலில் ஏறியதும் முதல் அடி. பால்கனி இல்லை, ஜன்னலும் இல்லை. கப்பலின் மூக்குப் பக்கத்தில், உள்ளடங்கிய இரண்டு அறைகள். ‘கேரண்டி’ என்று ஒரு வகை டிக்கெட் இருக்கிறதாம். பெயரைக் கேட்டால் ஏதோ உறுதி கொடுப்பதுபோல இருக்கும். நாம் வாங்கிய வகைக்குள் எந்த அறை என்பதைக் கம்பெனி கடைசியில் தன் இஷ்டத்துக்கு ஒதுக்கும் என்பதுதான் அதன் அர்த்தம். விலை குறைவு. ஜன்னல் இல்லாத அறைக்கு அதை வாங்கிவிட்டு எங்களிடம் பால்கனிக்குக் காசு வாங்கியிருக்கிறார். வயதானவர்களோடு போனால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் அறை கேட்க வேண்டும், ஆட்டம் அங்கேதான் குறைவு. மூக்குப் பக்கம் ஊஞ்சல் மாதிரி. இதை எனக்குச் சொன்னவர் அறையைச் சுத்தம் செய்ய வந்த பையன்.

பினாங்குவரை ஒரு குறையும் இல்லை. ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியா. நடுவில் மலாக்கா நீரிணை. பெரிய அலை உள்ளே வர வழியில்லை. ஜார்ஜ் டவுனில் கப்பல் நேராகத் துறையிலேயே கட்டியது. இறங்கி நடந்தால் கொஞ்ச தூரத்தில் லிட்டில் இந்தியா, கடைப் பலகையெல்லாம் தமிழ். அம்மா ஒரு கடையில் பூ வாங்கி வைத்துக்கொண்டு, “இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம், மயிலாப்பூர் மாதிரியே இருக்கே” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

அன்று ராத்திரி நீரிணையைத் தாண்டித் திறந்த கடலுக்குள் போனதும் ஆட்டம் ஆரம்பித்தது. பதினொரு மணிக்கு அலமாரிக் கதவு தானாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. சின்னவன் இரண்டு முறை வாந்தி. அம்மா படுக்கையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி, “ஏம்ப்பா, இதை நிறுத்தச் சொல்ல முடியாதா?” என்றார். கந்த சஷ்டி கவசம் பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து ஓடியது.

காலையில் மேல் தளத்திலிருந்து புக்கெட் கரை தெரிந்தது. பட்டோங் கடற்கரை தீவின் மேற்குப் பக்கம், தென்மேற்குக் காற்றுக்கு நேர் எதிரே இருக்கிறது. பெரிய கப்பலை அணைக்க அங்கே துறை கிடையாது. விரிகுடாவில் நங்கூரம் போட்டுவிட்டு, டெண்டர் என்கிற சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். ஒரு படகை இறக்கிப் பார்த்தார்கள். கப்பலின் பக்கவாட்டில் கீழே ஒரு மேடை, அதில் ஒரு மாலுமி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். படகு அவர் தலைக்கு மேலே எழும்புகிறது, அடுத்த நொடி காலுக்குக் கீழே போய்விடுகிறது. கால் மணி நேரம் பார்த்தேன். மேடையும் படகும் ஒரு தடவைகூட ஒரே மட்டத்தில் நிற்கவில்லை. அப்புறம் ஒலிபெருக்கியில் கேப்டன்: பாதுகாப்புக் காரணங்களால் புக்கெட் ரத்து.

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அம்மாவை அந்தப் படகில் ஏற்ற நானே சம்மதித்திருக்க மாட்டேன்.

சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் ஒரு சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம். அந்த அக்கா சர்வசாதாரணமாகச் சொன்னார்: “ஜூன் ஸ்கூல் லீவு, வேற வழியில்லாம வர்றோம். இந்த சீசன்ல புக்கெட்ல இறங்கினா லக்குன்னு நினைச்சுக்குவோம். புக்கெட் பார்க்கணும்னா டிசம்பர்லேர்ந்து மார்ச்சுக்குள்ள வரணும் தம்பி.” சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு மே கடைசியில் லீவு விட்டால் ஜூன் கடைசி வாரம்வரை. அதனால் கப்பல் நிறைந்து வழிந்தது, பிள்ளைகள் நீச்சல் குளத்தில் கால் வைக்கவே வரிசையில் நின்றார்கள். மோசமான கடல், உச்சக் கூட்டம், உச்ச விலை, மூன்றும் சேர்ந்த ஒரு வாரத்தைத்தான் எங்களுக்குத் தேடிக் கொடுத்திருந்தார் அந்த மனிதர்.

ஊர் திரும்பியதும் தி.நகர் போனேன். “இயற்கை சார், நான் என்ன பண்ண முடியும்?” துறைமுகத்தை ரத்து செய்யக் கம்பெனிக்கு உரிமை உண்டு என்று டிக்கெட்டின் நிபந்தனையிலேயே இருக்கிறது, அது சரிதான். துறைமுகக் கட்டணத்தைக் கப்பலிலேயே எங்கள் கணக்கில் திருப்பி வைத்துவிட்டார்கள், ஆளுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். பிபி தீவுக் காசு? “அது லோக்கல் ஆபரேட்டர் சார், நோ ரீஃபண்ட்.” இதையே கப்பல் கம்பெனியிடம் பதிவு செய்திருந்தால், கப்பல் நிற்காதபோது முழுப் பணமும் திரும்பியிருக்கும். பக்கத்து மேஜைக் குடும்பத்துக்குத் திரும்பியது.

விசா விஷயம் இன்னும் அழகு. 2023 நவம்பரிலிருந்தே இந்தியர்களுக்குத் தாய்லாந்து விசா தேவையில்லாமல் இருந்தது, டிசம்பரிலிருந்து மலேசியாவும் அப்படித்தான். நாங்கள் பணம் கட்டியது அதற்கப்புறம். இல்லாத விசாவுக்கு 19,000 ரூபாய். ‘சர்வீஸ் சார்ஜ்’ என்றார்.

படியில் இறங்கும்போது அங்கே வேலை பார்க்கும் பையன் பின்னாலேயே வந்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “தப்பா நினைக்காதீங்க சார். அந்த டேட்டுக்கு நாங்க முன்னாடியே 16 ரூம் பிளாக் பண்ணி வச்சிருந்தோம். வித்தே ஆகணும்.”

அவ்வளவுதான் விஷயம். நான் கேட்டது கடலைப் பற்றி, அவர் பதில் சொன்னது தன் கையிருப்பைப் பற்றி. நான் ஜூலையில் கேட்டிருந்தால் ஜூலைதான் குளம் மாதிரி இருந்திருக்கும்.

ஜூலை கடைசியில் வருமான வரி ரிட்டர்ன் போட உட்கார்ந்தபோது இன்னொன்று வெளியே வந்தது. டிசிஎஸ் என்று வாங்கிய 21,000 ரூபாய் என் பான் நம்பரில் 26ஏஎஸ் படிவத்தில் இல்லவே இல்லை. கட்டியிருந்தால் அதில் தெரியும், வரியில் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பேக்கேஜ் வாங்கிய எல்லோரும் தயவுசெய்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆடிட்டர் நண்பர் ஒரு மெயில் அனுப்பியதும் மூன்றே நாளில் அந்தப் பணமும் விசாப் பணமும் வங்கிக்கு வந்துவிட்டன. மீதிக்குத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 எண்ணில் கூப்பிட்டேன், நடக்கவில்லை. அப்புறம்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய சேவையின் மதிப்பு 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். என் பக்கம் இருக்கும் ஓட்டை, பால்கனி என்று அவர் சொன்னது எதிலும் எழுத்தில் இல்லாததுதான்.

வந்த பிறகு உட்கார்ந்து நம் பள்ளி விடுமுறைகளையும் கடலையும் சேர்த்துப் பார்த்தேன். காலாண்டு லீவு வரும் செப்டம்பர் கடைசிதான் புக்கெட்டில் மழை கொட்டும் நேரம். மும்பை, கோவா, லட்சத்தீவுப் பக்கமும் ஜூன் முதல் செப்டம்பர்வரை ஆகாது. அதே மாதங்களில் நம் கிழக்குக் கரையும் திருகோணமலையும் பரவாயில்லை, மலைக்கு இந்தப் பக்கம் அந்தப் பருவமழை அவ்வளவாக வராது. நமக்கு ஆகாதது அக்டோபர் முதல் டிசம்பர்வரை. 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய செய்தியைப் படித்தே வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அரையாண்டு லீவில் புக்கெட் கடல் நன்றாக இருக்கும், ஆனால் கிறிஸ்துமஸ் விலை. என்னைக் கேட்டால் பொங்கல் லீவோடு இரண்டு நாள் சேர்த்துப் போடுவதுதான் சரி. சிங்கப்பூரில் மழை பெய்யலாம், பெய்யட்டும், புக்கெட்டில் இறங்கலாம். எங்கள் வீட்டில் இது எடுபடவில்லை. “பொங்கல் அன்னிக்கு நம்ம வீட்டு அடுப்புல பால் பொங்கணும்” என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

இவ்வளவையும் இன்று எழுதக் காரணம், நேற்று எங்கள் அடுக்குமாடிக் குழுவில் வந்த ஒரு விளம்பரம். காலாண்டு லீவு ஸ்பெஷல், சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், சில அறைகளே மிச்சம். கீழே அதே தி.நகர் நம்பர். படத்தில் கடல் குளம் மாதிரி இருக்கிறது. இதுவரை மூன்று பேர் கட்டை விரல் போட்டிருக்கிறார்கள்.