பாலிகுளோனலா, மோனோகுளோனலா, ரீகாம்பினன்ட்டா: எந்த ஆன்டிபாடி எதற்கு?

போன தடவை 55 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) இடத்தில் பளிச்சென்று வந்த பட்டை, இந்தத் தடவை அங்கே இல்லை. கொஞ்சம் கீழே, இரண்டாகப் பிரிந்து நின்றது. அதே செல், அதே ஜெல், இரவு முழுக்கக் குளிரில் ஆட்டிவைத்த நேரமும் அதேதான். ஆன்டிபாடிக் குப்பியைத் திருப்பிப் பார்த்தேன். எந்தத் தொகுதியில் தயாரானது என்று சொல்லும் லாட் நம்பர் மட்டும் வேறு. புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, தேடும் புரதத்தில் போய் ஒட்டும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தால் அதைப் பட்டையாகக் காட்டும் சோதனைதான் வெஸ்டர்ன் பிளாட். அதைச் செய்து பழகியவர்களுக்கு இப்படி ஒரு காலைப்பொழுது வாய்க்காமல் இருக்காது. அந்தப் பட்டையைத் துரத்தியதில் எனக்கு மூன்று வாரம் போனது.

அந்தக் குப்பியில் இருந்தது பாலிகுளோனல். ஒரு புரதத்தை முயலுக்கு ஊசியில் ஏற்றினால், ஆன்டிபாடி செய்யும் வெள்ளை அணுக்களான பி செல்கள் பல, தனித்தனியாக வேலையில் இறங்கும். ஒவ்வொன்றும் அந்தப் புரதத்தின் வேறு வேறு மூலையைப் பிடிக்கிற ஆன்டிபாடியைச் செய்யும். பிடிபடும் அந்தச் சின்ன இடத்துக்கு எபிடோப் என்று பெயர். ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்தால் கிடைப்பது இவை அத்தனையும் சேர்ந்த கலவை. அந்த முயல் போனால் அந்தக் கலவையும் போச்சு. அடுத்த முயல் வேறு கலவைதான் தரும்.

அதற்காகப் பாலிகுளோனலைப் பழைய சரக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஃபார்மலினில் கிடந்த திசுவில் புரதத்தின் பல இடங்கள் உருமாறிப் போயிருக்கும். ஒரே எபிடோப்பை நம்பியிருக்கும் ஆன்டிபாடி அங்கே கையை விரித்துவிடலாம். கலவையில் ஏதாவது ஒன்றாவது பிடித்துக்கொள்ளும். பிளாட்டில் முதல் ஆன்டிபாடியைக் கண்டுபிடித்துக் காட்ட இரண்டாவதாக ஊற்றும் ஆன்டிபாடி பெரும்பாலும் பாலிகுளோனலாக இருப்பதும் காரணத்தோடுதான். முதல் ஆன்டிபாடி ஒவ்வொன்றின் மேலும் பல போய் ஒட்டுவதால் சிக்னல் பெருகும்.

பாம்புக்கடி மருந்தில் இதன் பலம் இன்னும் தெளிவாகத் தெரியும். பாம்பு விஷம் ஒரே பொருள் அல்ல, பல நச்சுப் புரதங்களின் கூட்டு. ஒன்றை மட்டும் பிடித்தால் மற்றவை ஆளைக் கொல்லும். அதனால்தான் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்தெடுக்கும் 19ஆம் நூற்றாண்டு வழி இன்றும் நிற்கிறது. குதிரைப் புரதம் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். ஆனாலும் இந்த இடத்தில் என் ஓட்டு குதிரைக்குத்தான்.

இனி மோனோகுளோனல். 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோஹ்லரும் சீசர் மில்ஸ்டைனும் சுண்டெலியின் பி செல்லை ஒரு புற்றுச் செல்லோடு இணைத்தார்கள். ஒன்று ஆன்டிபாடி செய்யத் தெரிந்தது, மற்றது சாகத் தெரியாதது. பிறந்த ஹைபிரிடோமாவுக்கு இரண்டும் கைவந்தது. இருவருக்கும் 1984இல் நோபல் கிடைத்தது. காப்புரிமை மட்டும் எடுக்கவில்லை.

ஒரே எபிடோப் என்பதன் அருமைக்குக் கர்ப்பப் பரிசோதனைக் குச்சியைப் பாருங்கள். அது தேடும் எச்சிஜி ஹார்மோனில் இரண்டு துண்டுகள். ஆல்ஃபா துண்டு எல்எச், எஃப்எஸ்எச், டிஎஸ்எச் என்ற வேறு மூன்று ஹார்மோன்களிலும் அப்படியே இருக்கிறது. அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியை மட்டும் நம்பினால் கர்ப்பம் இல்லாதவருக்கும் கோடு விழும். பீட்டா துண்டில் எச்சிஜிக்கே உரிய இடத்தைப் பார்த்துப் பிடிக்கும் மோனோகுளோனல்தான் அந்தக் குச்சியை நம்பத்தக்கதாக ஆக்குகிறது.

அந்தத் துல்லியமே காலை வாரியும் விடும். கோவிட் காலத்து மோனோகுளோனல்கள் வைரஸின் முள் புரதத்தில் ஓரிரு இடங்களையே குறிவைத்தன. ஒமிக்ரான் அந்த இடங்களை மாற்றிக்கொண்டு வந்ததும் பல மருந்துகள் செயலிழந்தன. 2022 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இரண்டு ஜோடி மருந்துகளின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று.

மனித உடம்புக்குள் போகும்போது இன்னொரு தொல்லை. 1986இல் அனுமதி பெற்ற முதல் மோனோகுளோனல் மருந்தான ஓகேடி3 முழுக்க எலிச் சரக்கு. நோயாளியின் உடம்பு அதையே அந்நியனாகப் பார்த்து எதிர்த்தது. அப்புறம் எலிப் பங்கைப் படிப்படியாகக் குறைத்தார்கள். அந்த வரலாறு மருந்துப் பெயர்களின் வாலிலேயே இருக்கிறது: ரிட்டுக்சிமேப் எலியும் மனிதனும் கலந்த வகை, டிராஸ்டுசுமேப் பெரும்பாலும் மனிதன், அடாலிமுமேப் முழு மனிதன். 2017க்குப் பிறகு வைத்த பெயர்களில் இந்தத் துப்பு கிடையாது.

மூன்றாவது, ரீகாம்பினன்ட். ஆன்டிபாடியின் மரபணு வரிசையைப் படித்து, அந்த மரபணுவை வளர்ப்புச் செல்லில் போட்டுச் செய்வது. ஹைபிரிடோமா செல்லும் நாளாவட்டத்தில் மரபணுவைத் தொலைக்கும், சில சமயம் வேண்டாத சங்கிலியையும் சேர்த்துச் செய்யும். வரிசை கையில் இருந்தால் அந்தக் கவலை இல்லை. ஆய்வுக்கு இவற்றையே பயன்படுத்த வேண்டும் என்று 2015இல் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் நேச்சர் இதழில் கேட்டார்கள். ஒட்டகக் குடும்பத்திலிருந்து வந்த நானோபாடியையும் இங்கேயே சொல்லிவிடலாம். சாதாரண ஆன்டிபாடி 150 கிலோடால்டன் என்றால் இது சுமார் 15. மற்றவை நுழையாத இடுக்கிலும் நுழையும், ஆனால் சிறுநீரகம் வழியே சீக்கிரம் வெளியேறிவிடும்.

புதிதாக ஆய்வு தொடங்குபவர் கேட்டால் நான் ரீகாம்பினன்ட் என்றுதான் சொல்வேன். ஒன்று மட்டும்: ரீகாம்பினன்ட் என்றால் சரியானது என்று அர்த்தமில்லை. தப்பான புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி, ரீகாம்பினன்ட் ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே தப்பைச் செய்யும். எந்த வகையானாலும் தேடும் புரதத்தின் மரபணுவை நீக்கிய செல்லை ஜெல்லின் பக்கத்துக் குழியில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அங்கே அந்தப் புரதமே இருக்காது; அப்போதும் பட்டை வந்தால் அது பொய்ப் பட்டை.

நானும் கடைசியில் அதைத்தான் செய்தேன். மரபணு நீக்கிய செல்லில், நான் மூன்று வாரம் திட்டிக்கொண்டிருந்த புது லாட்டின் இரட்டைப் பட்டை சுத்தமாக மறைந்தது. பழைய குப்பியின் அடியில் மிச்சமிருந்த சொட்டுகளையும் போட்டுப் பார்த்தேன். 55இல் பட்டை அப்படியே பளிச்சென்று நின்றது.