டீசல்ல நானோ துகள்: சீரியமா, அலுமினாவா, கார்பன் டியூபா?

டீசல்ல நானோ துகள், அதாவது கண்ணுக்கே தெரியாத ரொம்பப் பொடிசான துகள், கலந்தா புகை குறையும் மைலேஜ் ஏறும்னு சொல்றாங்களே, உண்மையான்னு கேட்டா, எந்தத் துகள், எந்த வண்டின்னு தெரியாம பதில் சொல்ல முடியாதுங்க.

ரோட்டுல நெஜமா ஓடிப் பாத்தது சீரியம்ங்கற உலோகத்தோட ஆக்சைடுதான். ஆக்சிஜன் பத்தாத இடத்துல தன்கிட்ட இருக்கறத குடுக்கும், அதிகமா இருக்கற இடத்துல திரும்ப எடுத்துக்கும், அதனால டீசல் புகைல வர கரி எரியத் தேவையான சூடு 550 டிகிரிக்கு மேல இருந்து 450 பக்கம் இறங்கிடுது. இத சரியா பயன்படுத்தினது பிரான்ஸ்ல பெஜோ, 2000ல வந்த 607 கார்ல டிபிஎஃப்னு புகைல வர கரிய பிடிச்சு வைக்கற ஃபில்டர் வச்சு, சீரியம் அடிட்டிவ்வுக்கு (டீசல்ல கொஞ்சமா சேக்கற பொருள்) தனி டேங்க் குடுத்து, டீசல் போடப் போட வண்டியே அளந்து கலந்துக்கற மாதிரி பண்ணாங்க. சீரியம் வெளிய போகாம ஃபில்டர் பிடிச்சுக்கும், ஆனா அது எரியாது, சாம்பலா உள்ளயே தங்கிடும், கொஞ்ச காலத்துக்கு ஒருக்கா கழட்டி சுத்தம் பண்ணியே ஆகணும். பின்னாடி இரும்பு அடிட்டிவ் வந்து அந்த சாம்பல் தொல்லை குறைஞ்சுது.

இங்கிலாந்துல ஸ்டேஜ்கோச் கம்பெனி பஸ்ல என்விராக்ஸ்னு ஒரு சீரியம் நானோ அடிட்டிவ்வ மைலேஜுக்காகவே ஊத்தினாங்க. எனக்கு இடிக்கிறது இங்கதான். ஃபில்டர் இல்லாத வண்டில போட்டா அந்த சீரியம் எங்க போகும்? சைலன்சர் வழியா ரோட்டுல நடக்கறவங்க மூச்சுக்குள்ளதான். எலிங்களுக்கு இத சுவாசக்குழாய்ல குடுத்துப் பாத்த சோதனைல நுரையீரல்ல அழற்சி வந்திருக்கு.

அலுமினா (அலுமினியம் ஆக்சைடு), கார்பன் நானோடியூப் (கார்பனால ஆன நுண்குழாய்) ரெண்டும் இன்னும் பெரும்பாலும் லேப் விஷயம். திருச்சி என்ஐடில காட்டாமணக்கு பயோடீசல்ல ரெண்டையும் கலந்து பாத்தாங்க, எரிபொருள் சீக்கிரம் பத்திக்குது, புகையும் குறையுதுன்னு நல்ல ரிசல்ட்டு. ஆனா லேப்ல அல்ட்ராசோனிக்ல, அதாவது காதுக்குக் கேக்காத ஒலி அதிர்வுல, கலக்கி உடனே ஓட்டுவாங்க, லாரி டேங்க்ல நாள்கணக்கா நின்னா அடில படிஞ்சிடும். அலுமினா வைரத்துக்கு அடுத்த வரிசைல வர கடினமான பொருள், 2000 பார் அழுத்தத்துல வேலை செய்யற காமன் ரெயில் இன்ஜெக்டருக்குள்ள (இன்ஜினுக்குள்ள டீசலப் பீச்சற நுண்ணிய பாகம்) அது போறத நினைச்சாலே பயமா இருக்கு. கார்பன் டியூப்ல ஒரு வகைய 2014லயே புற்றுநோய் வரவைக்கலாம்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி பட்டியல்ல சேத்துட்டாங்க, அத நான் போட்டிலயே சேக்க மாட்டேன்.

அப்ப என் ஓட்டு, ஃபில்டரோட சேத்தே டிசைன் பண்ண வண்டிக்கு சீரியமோ இரும்போ, அதுவும் கம்பெனி சொன்னது மட்டும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டில மேனுவல்ல இல்லாத உலோக அடிட்டிவ் எதையும் ஊத்தாதீங்க, டிபிஎஃப் சாம்பல்லயே அடைச்சுக்கும். பழைய வண்டின்னா இன்ஜெக்டர் சர்வீஸ், ஏர் ஃபில்டர், வேணும்னா உலோகம் இல்லாத சீட்டேன் இம்ப்ரூவர் (டீசல் சீக்கிரம் பத்திக்க உதவறது), இதுல குறையற புகையே கண்ணுக்குத் தெரியும். கடைல நானோன்னு போட்ட பாட்டில் வாங்கினா எந்த உலோகம், எத்தனை பிபிஎம்னு (பத்து லட்சத்துல எத்தனை பங்குன்னு) லேபிள்ல பாருங்க, அது இல்லேன்னா வச்சிட்டு வந்துடுங்க.