கேம்பர் வேனைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறீர்களா? பெயின்ட் அடிக்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள்

பழைய கேம்பர் வேன்காரர்கள் கூடுகிற இடத்தில் ஏதாவது ஒரு வண்டியைச் சுற்றி மட்டும் கூட்டம் நிற்கும். நாங்கள் கூடியபோது அப்படி நின்றது இரண்டு வண்ணம் பூசிய ஒரு ஃபோக்ஸ்வேகன் டைப் 2. மடக்குக் கட்டில், பிளைவுட் அலமாரி, தூக்கித் திறக்கும் கூரை எல்லாம் கண்ணைப் பறித்தன. செய்தவரும் பக்கத்திலேயே நின்று ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தார். என் வேனையும் அவரிடம்தான் கொடுத்தேன். பெயர் எழுதப் போவதில்லை. ஆனால் அவர் செய்த வேலையை எழுதியே ஆக வேண்டும். பணம் போனதோடு முடிகிற விஷயமில்லை இது, உயிருக்கே ஆபத்து.

என்னுடையது 1967க்குப் பிறகு வந்த, முன்கண்ணாடி ஒரே துண்டாக இருக்கும் மாடல். இதில் துரு விரும்பிப் பிடிக்கும் இடம் கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் சில். உள், நடு, வெளி என்று மூன்று தகடுகள் சேர்ந்த கூடு அது. துருப்பிடித்ததை அறுத்தெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது, கூரை, அலமாரி, இரண்டாவது பேட்டரி, எஞ்சினுக்குப் புது பெட்ரோல் ஹோஸ், இதுதான் பேச்சு. பாதிப் பணம் அட்வான்ஸ்.

டிங்கரிங் வேலையின் படம் கேட்டால் அலமாரிப் படம் வரும். நேரில் வருகிறேன் என்றால், "இப்போதுதான் பிரைமர் அடித்தோம், தூசி படும், அடுத்த வாரம் வாருங்கள்" என்பார். சொன்ன தேதி பல முறை தள்ளிப்போய், ஒருவழியாக வண்டி வந்தது. பளபளவென்றுதான் இருந்தது. பில்லில் 'பாடி வேலை முழுவதும்' என்று ஒரே வரி.

அடுத்த முறை கூடியபோது ஒரு டயரில் காற்று இறங்கியிருந்தது. அனுபவமுள்ள ஒரு அண்ணன் ஜாக்கியை அதற்குரிய இடத்தில் வைத்துத் தூக்கினார். வண்டி எழும்பவில்லை, ஜாக்கிதான் உள்ளே போனது. பெயின்ட் வெடித்து, விரல் தடிமனுக்கு பட்டி பிஸ்கட் மாதிரி உடைந்து விழுந்தது. பின்னால் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. இழுத்துப் பார்த்தால், கதவு நிலை இடுக்கை அடைக்கிற நுரை! துருப்பிடித்த சில்லுக்குள் நுரையைப் பீய்ச்சி, மேலே பட்டி பூசித் தேய்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார். தண்ணீர் வடிய வேண்டிய துளைகளும் அதோடு அடைந்துவிட்டன. ஈரம் உள்ளேயே தங்கி, மிச்சமிருந்த தகட்டையும் தின்றிருந்தது.

அப்புறம் அண்ணன் பின்பக்க மூடியைத் திறந்தார். புதிது என்று பில் போட்ட பெட்ரோல் ஹோஸ் பழையதேதான். வளைத்ததும் வெடிப்பு தெரிந்தது. இந்த 1600 சிசி எஞ்சினின் கூடு மெக்னீசியம் கலந்த உலோகம். பெட்ரோல் கசிந்து தீப்பிடித்து அந்த உலோகமும் எரியத் தொடங்கினால் அணைப்பது மிகவும் கடினம். எஞ்சினைச் சுற்றி வரும் ரப்பர் சீலைத் திரும்ப மாட்டவும் இல்லை. தண்ணீரே இல்லாமல் காற்றால் குளிரும் எஞ்சின் இது. சீல் இல்லாவிட்டால் கீழே இருக்கும் சூடான காற்றையே ஃபேன் மறுபடி இழுக்கும். இரண்டாவது பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜுக்குப் போன வயரில் ஃபியூஸும் கிடையாது. கூரையை அறுத்தவர் குறுக்குச் சட்டங்களையும் சேர்த்து அறுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஃபிரேம் எதுவும் வைக்கவில்லை. பக்கக் கதவு ஏன் பாதியில் சிக்குகிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

ஃபோன் செய்தேன். "ஐம்பது வருஷ வண்டி, துரு வரத்தானே செய்யும்" என்றார். பட்டிக்குள் நுரை எப்படி வந்தது என்று கேட்டதும் வைத்துவிட்டார். அவரிடம் வேலை கொடுத்த வேறு சிலரையும் விசாரித்தேன். அதே ஒற்றை வரி பில், அதே அலமாரிப் படங்கள்.

யாரிடம் கொடுத்தாலும் சரி, தகடு அறுத்த நிலையில் ஒரு முறை, வெல்டிங் முடிந்து பிரைமருக்கு முன் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகே அடுத்த தவணை என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். முடிந்த வண்டி என்றால் துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தத்தைச் சில் நெடுக நகர்த்துங்கள். தடித்த பட்டி இருக்கும் இடத்தில் அது ஒட்டாது. மெல்லிய தகட்டை மேலே ஒட்ட வைத்து ஏமாற்றினால் காந்தம் காட்டாது. அதற்கு வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தே ஆக வேண்டும். அடிப்பக்கம் முழுக்கப் புதுசாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் இன்னும் கவனமாக இருங்கள்.

என் வேன் இப்போது வேறொரு பட்டறையில் இருக்கிறது. உங்கள் வண்டியும் அவர் கை பட்டதென்றால், வெல்டிங் செய்யப் போகிறவரிடம் நுரை இருக்கலாம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். அது எளிதில் தீப்பிடிக்கும், வரும் புகையும் விஷம். முழுவதும் சுரண்டி எடுத்த பிறகுதான் நெருப்பே பட வேண்டும்.