பப்ளிக் செக்டார், ஐடி, சொந்தக் கடை: பெங்களூரில் நிம்மதி எதில்?

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் மாப்பிள்ளை பார்க்கும்போது ஹெச்.ஏ.எல்., பி.இ.எல். மாதிரி மத்திய அரசின் பப்ளிக் செக்டார் கம்பெனி என்றால் ஒரு மதிப்பு, ஐடி என்றால் இன்னொரு மதிப்பு. சொந்தக் கடை என்றால் "வாடகை எவ்வளவு?" என்று இழுப்பார்கள். இது ஊர் போடும் மார்க். வேலைக்குப் போகிறவர் போடும் மார்க் வேறு.

சம்பளத்தில் பெரும்பாலும் ஐடிதான் முன்னால். ஆனால் அங்கே 'பெஞ்ச்' என்று ஒன்று உண்டு. ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது வரும்வரை வேலை இருக்காது, சம்பளம் மட்டும் வரும். கேட்பவருக்குப் பொறாமையாக இருக்கும். சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி போய், கார்டைக் காட்டி உள்ளே நுழைந்து, மூன்றாவது காபியோடு மெயில் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பவரிடம் கேளுங்கள், நொந்துகொள்வார். ஆஸ்திரியாவின் மரியன்தால் என்ற ஊரில் ஆலை மூடியபின் நடந்ததை மரி யஹோதா என்ற சமூக உளவியலாளரின் குழுவினர் 1933-இல் எழுதினார்கள். பொழுது அத்தனை இருந்தும் ஜனங்கள் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது. ஆண்களின் நடைகூடத் தளர்ந்தது. அவர்களுக்குக் காசும் இல்லை, பெஞ்சில் காசு உண்டு. நாம் வராவிட்டாலும் யாரும் தேடமாட்டார்கள் என்ற வேதனை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பப்ளிக் செக்டாரில் திடீரென்று வேலை போகும் பயம் குறைவு. (எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியையே 2016-இல் மூட முடிவெடுத்தார்கள் என்பது தனிக்கதை.) ஆனால் வேலை உறுதியானால் மட்டும் போதாது. பிரிட்டன் அரசு ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில், கீழ்நிலை ஊழியர்களிடையே இதய நோய்ச் சாவு அதிகம் இருந்தது. தன் வேலையை எப்படிச் செய்வது என்று தானே முடிவெடுக்கும் உரிமை இல்லாதது இதய நோயோடு சேர்ந்தே வருகிறது என்று பின்னால் வந்த இரண்டாம் ஆய்வு காட்டியது.

அந்த உரிமை கடைக்காரருக்கு நிறையவே உண்டு. வருமானம் குறைவானாலும் சொந்தத் தொழில் செய்பவர்கள் வேலையில் அதிகத் திருப்தி சொல்வதை ஐரோப்பிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அல்சூரில் விடியுமுன் மாவு வாளியை இறக்கும் டிபன் கடைக்காரருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய கல்லா காலி.

என்னைக் கேட்டால், ஆறு மாத வாடகை கையில் இருந்தால் கடை. இல்லையென்றால் பப்ளிக் செக்டார், அதுவும் பொறுப்புள்ள பிரிவு கிடைத்தால். ஐடிக்குப் போகிறவர்கள் சம்பளத்தோடு எந்த புராஜெக்ட், எப்போது ஆரம்பம் என்றும் கேட்டுவிடுங்கள். அதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால், கையிலுள்ள வேலையை உடனே விட வேண்டாம்.