எக்ஸ்பிஎஸ் 13: எந்த ஸ்டோரேஜ், எந்த ஸ்க்ரீன்?

டெல் எக்ஸ்பிஎஸ் 13 வாங்க வருகிறவர்கள் முதலில் பிராசஸரைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஸ்டோரேஜும் ஸ்க்ரீனும் மிச்சப் பணத்துக்கு ஏற்றபடி அமைந்துவிடுகின்றன. இந்த லேப்டாப்பில் அப்படி வாங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். பிராசஸரும் ரேமும் போர்டோடு சால்டர் செய்யப்பட்டவை, பிறகு மாற்ற முடியாது என்பது பலருக்குத் தெரியும். சில மாடல்களில் ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும் அப்படித்தான் என்பது வாங்கிய பிறகே தெரியவருகிறது.

2020 இறுதியில் வந்த 9310 என்ற மாடலில் எஸ்எஸ்டி தனியாக எம்.2 ஸ்லாட்டில் இருக்கிறது, கழற்றி மாற்றலாம். 2022-இல் வந்த 9315-இல் அது போர்டிலேயே ஒட்டியிருக்கிறது. இன்னொரு குழப்பமும் உண்டு: ஸ்க்ரீனை முழுதாக மடக்கும் டூ-இன்-ஒன் வகைக்கும் 9310 என்றே பெயர், ஆனால் அதில் எஸ்எஸ்டியை மாற்ற முடியாது. செகண்ட் ஹேண்டில் எடுப்பவர்கள் எண்ணை மட்டும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

9315 என்றால் 512 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். 256 ஜிபி என்று அட்டையில் போட்டிருப்பது விண்டோஸில் 238 என்றுதான் காட்டும். சிஸ்டம், ரெக்கவரி பார்ட்டிஷன், அப்டேட், ஆபீஸ் எல்லாம் போக மீதியில்தான் உங்கள் ஃபைல்கள். ஐபோனில் 4கே 30 ஃபிரேமில் எடுத்த வீடியோ, இடத்தைக் குறைக்கும் ஹெச்இவிசி ஃபார்மட்டிலேயே நிமிடத்துக்கு 170 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 10 ஜிபி. ஒரே ஒரு கல்யாண வீடியோவை இறக்கி எடிட் செய்தால் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இடம் தீர்வது மட்டும் பிரச்சினை இல்லை. இன்றைய எஸ்எஸ்டிகள் காலியாக உள்ள இடத்தின் ஒரு பகுதியை வேகமான கேஷாக, அதாவது தற்காலிகச் சேமிப்பாக, பயன்படுத்துகின்றன. டிஸ்க் நிரம்ப நிரம்ப அந்தக் கேஷ் சுருங்கி, பெரிய ஃபைலைக் காப்பி செய்யும்போது வேகம் சட்டென விழுகிறது. ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருப்பது நல்லது.

டூ-இன்-ஒன் அல்லாத 9310-க்கு இந்தக் கவலை வேண்டாம். 256 ஜிபியில் மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள், பிறகு 1 டிபி போட்டுக்கொள்ளலாம். எம்.2 2280 அளவில், ஒரு பக்கம் மட்டும் சிப் உள்ள என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வாங்குங்கள். இரு பக்கமும் சிப் இருந்தால் இந்த மெல்லிய உடலில் உட்காருமா என்பது சந்தேகம். அடிமூடிக்கு நட்சத்திர முனையுள்ள டோர்க்ஸ் டி5 ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். எஸ்எஸ்டி மேல் இருக்கும் உலோகத் தகட்டையும் வெப்பம் கடத்தும் தெர்மல் பேடையும் மறக்காமல் திரும்ப வையுங்கள்.

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது அதற்கு அடுத்த கட்டத்தில். யூஎஸ்பியிலிருந்து விண்டோஸ் போடும்போது "டிரைவ் எதுவும் இல்லை" என்று வரும். புது எஸ்எஸ்டி பழுது என்று நினைத்து அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பழுது எதுவும் இல்லை. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில், ஸ்டோரேஜ் 'ரெய்ட் ஆன்' என்று இருப்பதுதான் காரணம். இன்டெல் ஆர்எஸ்டி எனும் ஸ்டோரேஜ் டிரைவரை அதே யூஎஸ்பியில் வைத்து லோட் செய்யலாம், அல்லது பயாஸில் அந்த ஸ்டோரேஜ் அமைப்பை ஏஹெச்சிஐக்கு மாற்றிவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்யலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில் முன்னேற்பாடு இல்லாமல் இதை மாற்றினால் விண்டோஸ் திறக்காது, நீலத்திரைதான். பழைய டிஸ்க்கில் விண்டோஸின் பூட்டான பிட்லாக்கர் இருந்தால், மூடியைத் திறக்கும் முன்பே ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஸ்க்ரீன். இரண்டு மாடலிலும் 13.4 அங்குலம்தான். 1920×1200 என்றால் அங்குலத்துக்கு 169 பிக்சல். 4கே எனப்படும் 3840×2400 என்றால் 338. மொத்தம் 23 லட்சம் பிக்சல் எங்கே, 92 லட்சம் எங்கே! பிக்சல் நெருக்கமானால் பின்விளக்கின் வெளிச்சம் ஊடுருவுவது குறையும். அதே பிரகாசத்துக்கு விளக்கு அதிகமாக எரிய வேண்டும், கிராபிக்ஸுக்கும் வேலை கூடும். 9310-இல் இருப்பது 52 வாட்-ஹவர் பேட்டரி. 4கே ஸ்க்ரீனில் அது சில மணி நேரம் முன்னதாகவே தீர்ந்துவிடும். ரெசல்யூஷனைப் பாதியாக்கி மிச்சப்படுத்தலாம் என்ற யோசனையும் எடுபடாது. விளக்கு எரிவது அப்படியேதான் இருக்கும், கூர்மை மட்டும் போகும்.

ஆனாலும் தமிழில் நிறைய வாசிப்பவர்கள், எழுதுபவர்கள், ப்ரூஃப் பார்ப்பவர்கள் 1920×1200-ஐக் கண்ணால் பார்க்காமல் வாங்கக் கூடாது. 'ண'வின் சுழிகளுக்கு நடுவே சின்ன எழுத்தில் ஓரிரு பிக்சல் இடைவெளிதான் கிடைக்கிறது, அது சாம்பல் பூசியதுபோல் ஆகி 'ன'வோடு குழம்புகிறது. மெய்யெழுத்தின் புள்ளியும் மங்கிப்போகிறது. 1920×1200-இல் 125% ஸ்கேலிங்கும் (விண்டோஸ் எழுத்தைப் பெரிதாக்கும் அளவு) 4கேயில் 250%உம் எழுத்தை ஒரே அளவில்தான் காட்டும், ஆனால் 4கேயில் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு மடங்கு பிக்சல். வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இரண்டுக்கும் நடுவில்தான் சரியான இடம். 2024-இல் வந்த 9340-இல் 2560×1600 ஸ்க்ரீன் கிடைக்கிறது: அங்குலத்துக்கு 225 பிக்சல், நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் (120 ஹெர்ட்ஸ்). மேக்புக் ஏர் 13.6 அங்குலத்தில் 224 பிக்சல் இருப்பதும் கிட்டத்தட்ட இதே இடம்தான். தமிழ் எழுத்து தெளிவாக நிற்கும், பேட்டரியும் 4கே அளவுக்கு அடிவாங்காது. பட்ஜெட் இடம் கொடுத்தால் இதையே எடுங்கள். 9310, 9315-தான் முடியும் என்றால், நாளெல்லாம் சார்ஜர் இல்லாமல் வெளியே வேலை பார்ப்பவருக்கு 1920×1200, மேசையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தமிழ் படிப்பவருக்கு 4கே.

கடையில் டெமோ வீடியோவைப் பார்த்து மயங்காதீர்கள். பிரவுசரில் ஒரு தமிழ்ச் செய்தித்தளத்தைத் திறந்து, ஜூமை 100%-இல் வைத்து, "கண்ணன் எண்ணினான்" என்று தேடல் பெட்டியில் அடித்து, வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து படித்துப் பாருங்கள்.