முற்றமா, திறந்த ஜன்னலா, வடிகட்டியா? தொற்றுக் காலத்தில் ஆராதனை நடத்தும் இடம்

2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழுவினர் 61 பேர் கூடி இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தார்கள். உறுதியானவை, ஐயத்துக்குரியவை இரண்டையும் சேர்த்து 53 பேருக்குக் கொரோனா, இருவர் இறந்தார்கள். கூடத்தில் தேங்கிய மூச்சுக்காற்றே முக்கியக் காரணமாக இருந்திருக்கும் என்று பின்னர் வந்த ஆய்வு கணித்தது. ஆகவே பெஞ்சைத் துடைப்பதில் காட்டும் அக்கறையைவிட அதிகமாகக் காற்றில் காட்ட வேண்டும்.

முற்றம். இதை மிஞ்ச வேறு வழி இல்லை. பந்தல் போட்டால் நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். மழைக்கென்று மூன்று பக்கம் படுதாவை இறக்கிவிட்டால் அது முற்றமல்ல, அறை. பின்வரிசைக்கும் ஒலிபெருக்கி வையுங்கள், இல்லையேல் போதகர் கத்தத் தொடங்குவார். ஆராதனை முடிந்ததும் வாசலில் நெருங்கி நின்று பேசுவதுதான் இங்கே ஓட்டை. காருக்குள் அமர்ந்தபடி பங்கேற்பதும் பாதுகாப்பானதே. ஆனால் கார் இல்லாதவர் வெளியே நிற்பார் என்பதால் அதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டோம்.

ஆலயத்துக்குள், ஜன்னல் திறந்து. எதிரெதிர்ச் சுவர்களில் திறந்தால்தான் காற்று குறுக்கே ஓடும். கூரை விசிறி உள்ளே இருப்பதைக் கலக்குமே தவிர மாற்றாது. மேடை விசிறியோ முன்வரிசையின் மூச்சைப் பின்வரிசைக்கு அனுப்பும். அதை ஜன்னலருகே வெளிநோக்கித் திருப்பி வைத்தால் உதவும்.

கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்குங்கள். நாம் மூச்சில் விடும் அந்த வாயு உள்ளே எவ்வளவு தேங்குகிறது என்பதே, காற்று எவ்வளவு மாறுகிறது என்பதற்கு அடையாளம். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) காட்டும். உள்ளே 800-க்குள் இருந்தால் நல்லது. 1,000 தாண்டினால் ஆட்களைக் குறையுங்கள். மீட்டரை ஜன்னலருகிலோ ஒருவர் முகத்தருகிலோ வைக்காமல், நடுவரிசையில் உட்கார்ந்தவர் தலை உயரத்தில் வையுங்கள். அளவு ஏற நேரமாகும். முதல் பத்து நிமிட எண்ணை நம்ப வேண்டாம்.

ஒரு நீண்ட ஆராதனையை இரண்டு குறும் ஆராதனைகளாகப் பிரிப்பது நல்ல யோசனைதான், இடைவெளி போதுமானால். புதிய காற்று பழையதோடு கலந்தே வெளியேறும் என்பதால், மணிக்கு 5 முறை (ஆலயக் கொள்ளளவைப் போல 5 மடங்கு) காற்று மாறும் ஆலயத்தில் 30 நிமிடத்தில் பழைய காற்றில் 92 சதவீதம் போய்விடும். 2 முறை மட்டுமே மாறினால் 63 சதவீதம்தான். அடுத்து வருபவர்கள் மீதியைச் சுவாசிப்பார்கள்.

மூடிய ஆலயம், ஏசி, வடிகட்டி. வேறு வழியே இல்லாதபோது மட்டும். ஸ்பிளிட் ஏசி அதே காற்றைத்தான் சுற்றிவிடுகிறது. 20 மீட்டர் நீளம், 10 அகலம், 6 உயரம் என்றால் 1,200 கன மீட்டர். மணிக்கு 5 முறை வேண்டுமானால் 6,000 கன மீட்டர் சுத்தக் காற்று. மணிக்கு 500 கன மீட்டர் தரும் ஹெப்பா கருவிகள் (நுண்துகள்களைப் பிடிக்கும் காற்று வடிகட்டிகள்) 12 தேவை. ஒன்றிரண்டை மூலையில் வைத்துவிட்டு நிம்மதி அடைபவர்களே அதிகம். கருவியில் அச்சிட்ட அளவு முழு வேகத்துக்கானது. பிரசங்கத்தின்போது இரைச்சல் என்று யாராவது வேகத்தைக் குறைத்துவிடுவார். அதனால் கூடுதலாக வாங்கி நடுத்தர வேகத்தில் ஓட்டுவதே சரி. வடிகட்டியின் பலன் அந்த மீட்டரில் தெரியாது, கார்பன் டை ஆக்சைடை அது பிடிப்பதில்லை.

எங்கே கூடினாலும் பாட்டை மறக்க வேண்டாம். பேச்சா பாட்டா என்பதைவிடச் சத்தம்தான் முக்கியம்: மிக மெல்லிய குரலுக்கும் உச்சக் குரலுக்கும் இடையே வெளிவரும் நுண்துளிகளின் நிறை 20 முதல் 30 மடங்கு கூடுவதாக அளந்திருக்கிறார்கள். சபையார் என்95 முகக்கவசத்துடன் மெல்லப் பாடட்டும். குரலை மைக் தூக்கட்டும். முகத்துக்கு முன் தொங்கும் பிளாஸ்டிக் தகடு நுண்துளிகளைத் தடுக்காது, பக்கவாட்டில் வழிந்துவிடும்.

அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்தில் பொதுக் கிண்ணத்தைவிட, முன்கூட்டியே ஊற்றி மூடிவைத்த தனிக் கிண்ணங்கள் மேல். தட்டில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். நெருக்கினால் ஒருவர் விரல் அடுத்த கிண்ணத்தின் விளிம்பைத் தொடும். அப்பத்தைக் கிண்ணத்தில் தோய்த்து உண்பது பாதுகாப்பானதாகத் தோன்றும், ஆனால் பல விரல்கள் ரசத்தில் படும் வழி அது.